‘குரோன் அப்ஸ் 2’: கரண்ட் போன பிறகு வந்த கேள்விகள்

ஆடிப்பெருக்குக்கு அடுத்து வந்த சனிக்கிழமை, குடமுருட்டிக் கரையில் ஒரு தென்னந்தோப்பில், எங்கள் 1993 பத்தாம் வகுப்பு செட்டின் இரண்டாவது சந்திப்பு நடந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் படம் போடுகிற வேலை என் தலையில் விழுந்தது. எட்டு முழ வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்து, இரண்டு தென்னைக்கு நடுவில் இழுத்துக் கட்டி, வாடகைப் புரொஜக்டரில் ‘குரோன் அப்ஸ் 2’ ஓட்டினேன். பள்ளிக்கூடத் தோழர்கள் நடுவயதில் ஒரே ஊரில் கூடி அடிக்கும் லூட்டிதான் படம். கடைசி இருபது நிமிடம் பாக்கி இருக்கும்போது ஆடிக் காற்று ஒரு வேப்பங்கிளையை ஒடித்து மின்கம்பியில் போட்டது. அதோடு படமும் போயிற்று, மின்விசிறியும் போயிற்று, கொசுவுக்குக் கொண்டாட்டமாயிற்று.

அன்றிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வி. ஆளாளுக்குப் பதில் தட்டி மாளவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கடைசிக் காட்சி வரை கதை இதில் இருக்கிறது. தானே பார்த்துக்கொள்கிறேன் என்பவர்கள் நடுவில் ஒரு கேள்வியைத் தாண்டிப் போங்கள், அது எதுவென்று படித்தாலே தெரியும்.

மாப்ள, மொதல்ல இது யாரு படம்? எப்ப வந்தது?

2013 ஜூலை 12-ல் அமெரிக்காவில் வெளியானது. இயக்கியவர் டென்னிஸ் டூகன். ஆடம் சாண்ட்லர், கெவின் ஜேம்ஸ், கிறிஸ் ராக், டேவிட் ஸ்பேட் நான்கு பேரும் தோழர்களாக நடித்தார்கள். கதையைச் சாண்ட்லரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து எழுதினார்கள். முதல் பாகம் 2010 ஜூனில் வந்தது. சாண்ட்லர் அத்தனை வருடம் படம் எடுத்தும் இரண்டாம் பாகம் என்று ஒன்றில் நடித்தது இதுதான் முதல் தடவை. ஓடும் நேரம் ஒரு மணி நாற்பது நிமிடம். நாம் பார்த்தது ஒரு மணி இருபது.

முதல் பாகம் பாக்காம இது புரியுமா?

புரிய வேண்டியது அதிகம் இல்லை. ஆனாலும் முதல் பாகத்தைத் தெரிந்துகொண்டால்தான் நான் ஏன் இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வந்தேன் என்பது விளங்கும்.

1978-ல் ஒரு பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணி கோப்பை வாங்குகிறது. (நம்மில் பாதிப் பேர் பிறந்த வருடம். இதைக் கவனித்துச் சொன்னது நான்தான், பெருமை எனக்கே.) அந்த அணியில் ஐந்து பையன்கள். முப்பது வருடம் கழித்து அவர்களுடைய பயிற்சியாளர் இறந்துபோகிறார். ஆளுக்கொரு திசையில் கிடந்த ஐந்து பேரும் சாவுக்கு வருகிறார்கள். வந்தவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஏரிக்கரையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அவர்கள் நாட்டுச் சுதந்திர தின விடுமுறையை அங்கே கழிக்கிறார்கள். கடைசியில் பழைய எதிரணிக்காரர்களோடு மறுபடி ஒரு ஆட்டம். ஜெயிக்க ஒரே ஒரு பந்து போட வேண்டும். சாண்ட்லர் வேண்டுமென்றே தவறவிடுகிறார். எதிரே இருப்பவன் முப்பது வருடமாக ஒரு தோல்வியைச் சுமந்துகொண்டு திரிகிறான், அவனும் அவன் பிள்ளைகள் முன்னால் ஒருமுறை ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்று.

இந்தத் தவறவிட்ட பந்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வேண்டியிருக்கும்.

நம் கதை என்ன? 2019-ல் டிரில் சார் போனார். பத்திரிகை அடித்தா கூடினோம்? ஒருத்தன் ஒருத்தனுக்குப் போன் போட்டு, கருமாதி அன்றைக்குக் காவேரிப் படித்துறையில் வந்து நின்றபோதுதான் வாலிபால் டீம் ஆறு பேரும் மறுபடி ஒரே இடத்தில் இருந்தோம். சித்திரையில் முறையாகக் கூடியதெல்லாம் அதற்கு அப்புறம்.

இரண்டாம் பாகத்துல கதைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல நான் தூங்கிட்டேனா?

இரண்டும்தான்.

படம் முழுக்க ஒரே நாள். மூன்று வருடம் கழித்து, ஹாலிவுட்டில் பெரிய ஏஜெண்டாக இருந்த லென்னி (சாண்ட்லர்) குடும்பத்தோடு சொந்த ஊருக்கே குடி வந்துவிட்டான். பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடத்தின் கடைசி நாள், மறுநாள் முதல் கோடை விடுமுறை. காலையில் பஸ் டிரைவர் நிதானத்தில் இல்லாததால் லென்னியே பள்ளி வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறான். நண்பர்களை ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறான். ராத்திரி அவன் வீட்டில் எண்பதுகளின் வேஷம் போட்ட விருந்து. அவ்வளவுதான்.

நடுவில் சில்லறைச் சிக்கல்கள். லென்னியின் மனைவிக்கு இன்னொரு குழந்தை வேண்டும், இவனுக்கு வேண்டாம். கர்ட் (கிறிஸ் ராக்) இருபதாவது கல்யாண நாளுக்குப் பார்த்துப் பார்த்துப் பரிசு வாங்கி வைத்திருக்கிறான், மனைவிக்கு அந்த நாளே மறந்துபோயிற்று. எரிக் (கெவின் ஜேம்ஸ்) வீட்டில் இருக்காமல் அம்மா வீட்டுக்கு ஓடி ஓடிப் போகிறான். கல்யாணம் ஆகாத மார்கஸிடம் (டேவிட் ஸ்பேட்) பதினேழு வயதில் ஒரு பையன் ரயிலில் வந்து இறங்கி “நான்தான் உன் மகன்” என்று நிற்கிறான்.

“இதெல்லாம் கதையா” என்று குழுவில் சண்டை போட்டவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் பாகத்தில் ஒரு சாவு இருந்தது. அதனால் கூடுவதற்குக் காரணம் இருந்தது, அழ இடம் இருந்தது. இரண்டாம் பாகத்தில் யாரும் சாகவில்லை. கூடுவதற்குக் காரணமே இல்லாமல் கூடுகிறார்கள். எழுதுபவனுக்கு இதைவிடக் கஷ்டம் கிடையாது. நமக்கும் அதே கஷ்டம்தான் வந்தது. 2019-ல் கூப்பிட்டபோது ஒருவன்கூட “எதுக்கு” என்று கேட்கவில்லை. இந்தத் தடவை கூப்பிட்டால் முதல் கேள்வியே “என்ன விசேஷம்?” என்று வந்தது. விசேஷம் ஒன்றுமில்லை என்று சொல்வதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது.

ஆரம்பத்துல படுக்கை அறைக்குள்ள மான் வருதே, அது எதுக்கு?

சாண்ட்லர் முகத்தில் ஒன்றுக்குப் போவதற்கு. வேறு எந்த உட்பொருளும் இல்லை.

கடைசி நாள்னா அங்கேயும் நம்ம மாதிரி இங்க் தெளிப்பானுங்களா?

படத்தில் இல்லை. பரீட்சை முடிந்த மதியம் வெள்ளைச் சட்டையில் ஹீரோ பேனாவை உதறிவிட்டு, அம்மா கையில் அடி வாங்குவதற்குப் பயந்து ஆற்றில் சட்டையை அலசியதெல்லாம் நம் ஊர்ச் சொத்து. ஆனால் கடைசி மணி அடித்ததும் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வருகிற காட்சியில் நம் பிள்ளைகள் பேசாமல் உட்கார்ந்திருந்ததையும், நாற்பத்தேழு வயதுக்காரர்கள் விசில் அடித்ததையும் கவனித்தேன்.

அந்தக் கல்குவாரி சீன்ல பசங்க இவனுங்களை ஏன் அப்படிப் படுத்துறானுங்க?

பழைய குவாரியில் தேங்கின தண்ணீர்தான் அவர்களுக்குக் குளிக்கிற இடம், சின்ன வயதில் குதித்து விளையாடிய இடம். நினைவுக்காகப் போகிறார்கள். அங்கே இப்போது ஒரு கல்லூரிக் கும்பல் உட்கார்ந்திருக்கிறது. தலைவன் டெய்லர் லாட்னர், ரத்தக் காட்டேரிப் படங்களில் ஓநாயாக மாறுவாரே அவர்தான். “இது எங்கள் இடம், கிழவர்களுக்கு இங்கே என்ன வேலை” என்று மிரட்டி, நான்கு பேரையும் துணியைக் களைந்து மேலேயிருந்து குதிக்க வைக்கிறார்கள்.

டெல்டாவில் குவாரிக்கு எங்கே போவது? இங்கே தரையைத் தோண்டினால் மண்ணும் மணலும்தான். நமக்கு மதகு இருந்தது. பெரிய கிளாஸ் அண்ணன்கள் நம் டிரவுசரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூவரச மரத்தில் மாட்டியது இருந்தது. அதே மதகில் இந்தத் தடவை சனிக்கிழமை மத்தியானம் நாம் போய் நின்றோமே, அப்போது குதித்துக்கொண்டிருந்த பையன்கள் நம்மைப் பார்த்து, “அங்கிள், அந்தப் பக்கம் படி இருக்கு, பாத்து இறங்குங்க” என்றார்கள். மிரட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அஞ்சு பேரு தோஸ்துன்னு சொன்னே. நான் எண்ணுனேன், நாலுதான் வருது.

சரியாகத்தான் எண்ணினாய். ஐந்தாவது ஆள் ராப் ஷ்னைடர். முதல் பாகத்தில் உண்டு, தன்னைவிட ரொம்ப வயதான ஒரு அம்மாளைக் கட்டிக்கொண்டு வருவாரே அவர். இரண்டாம் பாகத்தில் இல்லை. வேறு வேலை இருந்தது, தேதி ஒத்துவரவில்லை என்று அப்போது பத்திரிகைகளில் வந்தது.

நடிகருக்குத் தேதி இல்லாதது இருக்கட்டும். எனக்கு ஆறாதது வேறு. சாண்ட்லர், ராக், ஸ்பேட், ஷ்னைடர் நான்கு பேரும் 1990-களின் தொடக்கத்தில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற டிவி நிகழ்ச்சியில் ஒன்றாகக் குப்பை கொட்டியவர்கள். நிஜத்திலேயே பழைய கூட்டாளிகள். கெவின் ஜேம்ஸ்தான் பிற்பாடு வந்து சேர்ந்தவர். படத்தில் பாதி நேரம் இவர்கள் ஒருவர் ஜோக்குக்கு ஒருவர் நாம் சிரிப்பதற்கு முன்பே சிரித்துவிடுவதற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான். (நம்முடைய ஹெட்மாஸ்டர் குடைக் கதைக்கு வெளியாள் ஒருத்தராவது சிரித்திருக்கிறாரா?) அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒருவன் குறைகிறான் என்றால், “அவன் எங்கேடா” என்று கேட்க ஒரு வரி போதும். ஊர் முழுக்கச் சுற்றுகிற படத்தில், ஒரு மான் வந்து போக நேரம் இருக்கிற படத்தில், அந்த ஒரு வரிக்கு இடம் இல்லாமல் போயிற்று.

நாம் மட்டும் என்ன கிழித்துவிட்டோம்? 2019-ல் ஆறு பேர். இந்தத் தடவை ஐந்து. சாப்பாட்டுக்கு இலை போடும்போது யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பெரியப்பா, அந்தப் போலீஸ்கார மாமா நிஜமாவே அவ்ளோ உயரமா?

ஆமாம் கண்ணு. அவர் பெயர் ஷாக்கில் ஓ’நீல். நடிப்பது சும்மா, உண்மையில் கூடைப்பந்து ஆட்டக்காரராக இருந்தவர். ஏழு அடி ஒரு அங்குலம். உங்கள் அப்பா தோளில் நீ உட்கார்ந்தால் எவ்வளவு உயரமோ கிட்டத்தட்ட அவ்வளவு. அவருடைய வயிறு அடிக்கடி உப்பி உப்பி அடங்கியதே, அது அவர் வயிறு இல்லை, காற்றில் வேட்டி.

அண்ணே, அந்தப் பொம்பளைங்களுக்கெல்லாம் படத்துல என்ன வேலை? சும்மா நிக்கத்தானா?

நியாயமான கேள்வி, தங்கச்சி. சல்மா ஹாயெக், மரியா பெல்லோ, மாயா ருடால்ஃப் மூன்று பேருமே நல்ல நடிகைகள். அவர்களுக்குக் கொடுத்த வேலை புருஷன்மார்களைப் பார்த்துச் சலித்துக்கொள்வது. கல்யாண நாளை மறந்த மனைவியாக மாயா ருடால்ஃப் முழிக்கிற முழி ஒன்று தேறும். மற்றபடி பெண்களை வேடிக்கைப் பொருளாக நிறுத்தி எடுத்த காட்சிகள் நிறைய, அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

நீங்கள் சாப்பாட்டுப் பந்தியில் இன்னொன்றும் கேட்டீர்கள்: “உங்க செட்டு கூடுறப்ப நாங்க மட்டும் ஏன் தேங்கா துருவிக்கிட்டு இருக்கணும்?” அதற்கு இந்தப் பக்கத்தில் பதில் இல்லை. அடுத்த தடவை சமையலுக்கு ஆள் வைக்கிறோம்.

புள்ளைங்களை வச்சுக்கிட்டுப் பாக்கற படமா இது?

அமெரிக்காவில் பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் யோசித்துக் காட்டவும் என்ற முத்திரையோடுதான் வந்தது. வெட்டுக் குத்து இல்லை. ஏப்பம், தும்மல், இன்னொன்று மூன்றையும் ஒரே மூச்சில் விடுவது எரிக்கின் வித்தை. அது படம் முழுக்க வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தோப்பு முழுக்க எல்லாப் பிள்ளைகளும் அதைப் பயிற்சி செய்ததற்கு நான் பொறுப்பு ஏற்கிறேன். பெரியவர்கள் பேசிக்கொள்ளும் கொச்சைகள் சில இடத்தில் எல்லை மீறும். எட்டு வயதுக்குட்பட்டதுகளை முன்னாலேயே தூங்கவைத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. புரொஜக்டரைப் பார்த்த பிறகு எதுவும் தூங்கியிருக்காது என்பது வேறு விஷயம்.

கரண்ட் போன பிறகு என்னதான் ஆச்சு?

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள்.

நாம் விட்ட இடம்: எண்பதுகளின் விருந்து, ஊரே வேஷத்தில் வந்திருக்கிறது. டாமி என்ற மலை மாதிரி ஆள் லென்னி எதிரில் வந்து நிற்கிறான். மல்யுத்த வீரர் ஸ்டீவ் ஆஸ்டின்தான் டாமி. சின்ன வயதில் லென்னியைப் போட்டு மிதித்தவன். லென்னிக்கு இன்னும் அவனைக் கண்டால் கால் நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிளை ஒடிந்தது இங்கேதான்.

லென்னி ஒருவழியாக எதிர்த்து நிற்கிறான். அடித்தால் ஒரே அடியில் தரைமட்டமாகியிருப்பான். ஆனால் டாமி மனம் மாறி, பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று, தானே தோற்றவன் மாதிரி நடித்து விழுகிறான்.

இப்போது அந்தத் தவறவிட்ட பந்துக்கு வாருங்கள். முதல் பாகத்தில் லென்னி வேறொருவன் மானம் காக்கத் தோற்றான். இரண்டாம் பாகத்தில் லென்னியின் மானம் காக்க வேறொருவன் தோற்கிறான். கொடுத்தவனிடமிருந்து திரும்பி வராமல், சம்பந்தமே இல்லாத ஒருத்தனிடமிருந்து மொய் திரும்பி வந்த மாதிரி. எடுத்தவர்கள் இதைத் தெரிந்துதான் செய்தார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம். மான் ஒன்றுக்குப் போகிற படத்தில் இவ்வளவு யோசித்திருப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இந்தப் படத்தில் பிடித்தது இது ஒன்றுதான். இதற்காகத்தான் தோப்புக்குக் கொண்டுவந்தேன். இந்த இடத்துக்கு வருவதற்குள் வேப்பமரம் முந்திக்கொண்டது.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்லூரிக் கும்பலின் வீட்டை யாரோ அடித்து நொறுக்கிவிட, இந்தக் கிழவர்கள்தான் செய்தார்கள் என்று கும்பலாகச் சண்டைக்கு வருகிறார்கள். ஊர்க்காரர்களையும் சேர்த்துக் கேவலமாகப் பேச, எண்பதுகளின் வேஷத்திலேயே ஊர் மொத்தமும் இறங்கி அடித்து விரட்டுகிறது. எல்லாம் ஓய்ந்த பிறகு நான்கு பேரும் எரிக் அம்மா வீட்டில் பேன்கேக் சாப்பிடுகிறார்கள்; இனிப்பு ஊத்தப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாதான் லென்னிக்குப் புத்தி சொல்கிறார்: குழந்தை பெற நல்ல நேரம் என்று ஒன்று தனியாகக் கிடையாது, வந்த பிறகு கொண்டாடுவாய் என்று. லென்னி வீட்டுக்கு ஓடிப்போய் மனைவியோடு சமாதானம் ஆகிறான். சுபம்.

இதை எல்லாரும் திட்டித் தீர்த்த படம்னு என் பையன் செல்லுல காட்டுறான்.

உன் பையன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். விமர்சகர்களைக் கணக்கெடுத்தால் நூற்றுக்குப் பத்து பேர்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அந்த ஆண்டின் மட்டமான படங்களுக்குக் கொடுக்கும் ராஸி விருதுகளில் பல பிரிவுகளில் பெயர் வந்தது. கடைசியில் அதிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. நம் கணக்குப் பரீட்சை மாதிரி, கடைசி ரேங்க்கூட இன்னொருத்தன் தட்டிக்கொண்டு போனான்.

காசுக் கணக்கு வேறு மாதிரி. 8 கோடி டாலரில் எடுத்து, உலகம் முழுக்க ஏறத்தாழ 24.7 கோடி டாலர் வசூல். அப்போது டாலர் அறுபது ரூபாயை ஒட்டி இருந்தது. 480 கோடி ரூபாய் போட்டு 1,480 கோடி வந்தது என்று போட்டுக்கொள். அதே நாளில் வெளியான ‘பசிபிக் ரிம்’ ராட்சச இயந்திரங்களையும் கடல் பூதங்களையும் மோதவிட்ட பிரம்மாண்டப் படம். முதல் வாரக் கடைசியில் அமெரிக்காவில் அதையே இந்த நான்கு தொப்பைகளும் முந்தின. ஜனங்கள் எதற்குப் போனார்கள்? என் ஊகம்: சிரிப்பதற்குக்கூட இல்லை, தெரிந்த முகங்கள் சும்மா உட்கார்ந்து பேசுவதைப் பார்க்க. டீக்கடை பெஞ்சில் நாம் உட்காருவது எதற்காக?

இதை ஒரு தடவை பாக்கறதே பெரிசு. ரெண்டாவது தடவை யாராவது பாப்பானா?

நியூஸிலாந்தில் டிம் பேட், கை மாண்ட்கோமரி என்று இரண்டு நகைச்சுவைக்காரர்கள் இருக்கிறார்கள். இந்தப் படத்தை வாரம் ஒரு முறை, ஒரு வருடம் முழுக்க, மொத்தம் ஐம்பத்திரண்டு தடவை பார்த்து, ஒவ்வொரு தடவையும் அதைப் பற்றிப் பேசி ஒலிபரப்பினார்கள். நிகழ்ச்சியின் பெயரே “எக்காலத்திலும் மிக மோசமான யோசனை” என்பதுதான். வாரா வாரம் ஒரே படம், ஒரே கூட்டாளி. நாம் ஆறு வருடத்தில் இரண்டு தடவை கூடியிருக்கிறோம், யார் பைத்தியம் என்று நீயே சொல்.

நம்ம தமிழ்ப் படம் எதையாவது போட்டிருக்கலாமே?

போட்டிருக்கலாம். வெங்கட் பிரபுவின் ‘சென்னை 600028’ 2007-ல் வந்தது, இரண்டாம் பாகம் 2016-ல். அதே பையன்கள் கல்யாணம், குட்டி என்று ஆன பிறகு மறுபடி கிரிக்கெட் மட்டையைத் தூக்குவார்கள். பள்ளிக்கூடத் தோழர்கள் இல்லை, ஒரே ஏரியாப் பையன்கள். ஆனால் ஜாதி ஒன்றுதான். நம்மில் எல்லாருக்கும் அது மனப்பாடம் என்பதால் விட்டேன்.

‘96’ போடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். 2018-ல் அது வந்ததும்தான் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று எந்த மண்டபத்தைப் பார்த்தாலும் பழைய மாணவர் பேனர் தொங்க ஆரம்பித்தது என்பது என் கணிப்பு. தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடம் வேறு அதில் வருகிறது. நாம் படித்தது ஆண்கள் பள்ளி. அந்தப் படத்தைப் போட்டு யாரை நினைத்து யார் அழுவது என்றுதான் வேண்டாம் என்றேன். சம்சாரங்கள் வேறு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆடியில ஏன் வச்சே? காத்து அடிக்கும்னு தெரியாதா?

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று தெரியும். வேட்டி எம்மாத்திரம்? ஆனால் டெல்டாவில் விவசாயம் பார்க்கிறவனுக்கு நாள் குறிப்பது உனக்குச் சென்னையில் லீவு போடுவது மாதிரி இல்லை. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் இங்கே குறுவை நடவு. ஆள் கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஆடிப்பெருக்கு வரும்போது நட்டது பச்சை பிடித்திருக்கும், சம்பாவுக்கு நாற்று விடும் வேலை சூடு பிடித்திருக்காது. நடுவில் கிடைக்கிற ஒரு வாரம் அது. புரட்டாசி ஐப்பசியில் குறுவை அறுப்பு, மழைக்கு முன்னால் நெல்லைக் கரை சேர்க்கிற கவலை. கார்த்திகையில் புயல் பயம். 2018 கஜா புயலுக்கு அப்புறம் அந்தப் பருவத்தில் தென்னந்தோப்பில் விசேஷம் வைக்க யாருக்கும் மனசு வராது. தையில் அறுவடை. சித்திரையில் ஆற்றில் தண்ணீர் இருக்காது, வெறும் மணலைப் பார்க்கவா உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்து ராத்திரி முழுக்க வந்தாய்?

காலைல இட்லிக்கு ஊத்துன கடப்பா எந்தக் கடை?

கடை இல்லை. தோப்புக்காரன் அம்மா. பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, சோம்பு, தேங்காய் எல்லாம் அவர் கைக்கணக்கு. அளவு கேட்டேன், “கண்ணால பாத்துப் போடுறதுதான் தம்பி” என்றார். அசோகா அல்வா மட்டும் திருவையாற்றில் வாங்கியது.

வேட்டில படம் காட்ட வேற யோசனை இருக்கா? எங்க ஆபீஸ் குரூப்புக்கும் வைக்கணும்.

வேட்டியை நனைத்துக் கட்டு, சுருக்கம் போகும். கீழ்க்கரையில் மூங்கில் ஒன்றைச் செருகினால் பாதிக் காற்று அடங்கும். கஞ்சி போட்ட வேட்டி வேண்டாம், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வை. நான் புரொஜக்டர் பக்கத்தில் வைத்ததால்தான் கிறிஸ் ராக் முதுகுக்குப் பின்னால் பேசினார். இன்வெர்ட்டர் ஒன்று வாடகைக்கு எடு. இதை நான் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

அந்த ஆறாவது ஆளுக்குச் சொன்னியா, இல்லையா? நேராச் சொல்லு.

இதைக் கேட்டது ஒரே ஒருத்தன், அதுவும் குழுவில் இல்லை, தனியாக.

சொல்லவில்லை. 2019 சந்திப்பு முடிந்து மூன்று மாதம் கழித்து அவன் எனக்குப் போன் செய்து பதினைந்தாயிரம் கேட்டான். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ். “பாக்கலாம்டா” என்றேன். பார்க்கவில்லை. உங்களில் இன்னும் மூன்று பேரிடமும் கேட்டிருக்கிறான் என்று பிற்பாடுதான் தெரிந்தது. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. கொஞ்ச நாளில் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான். பெயர் வெளியேறியது என்று ஒரு சாம்பல் வரி வந்தது, அதற்கு மேலேயே யாரோ காலை வணக்கம் ரோஜாப்பூ போட்டார்கள்.

இந்தப் பதில்களை எழுதிக்கொண்டிருந்தபோது, ஐந்தில் நான்கு என்ற இடம் வந்ததும் கை ஓடவில்லை. போன் போட்டேன். திருப்பூரில் இருக்கிறான், நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பணத்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. மகள் வேலைக்குப் போகிறாளாம். தோப்பு, கடப்பா, வேட்டி, கிளை ஒடிந்தது எல்லாம் சொன்னேன். சிரித்தான். படத்தின் கதையைக் கேட்டான், அதையும் சொன்னேன்.

“இதுல எத்தனை பேருடா?”

“நாலு. மொதப் பாகத்துல அஞ்சு.”

“சரி, அப்ப நான் மொதப் பாகத்தையே பாக்குறேன்” என்றான்.